நடுவில் ஆள் இல்லாத வியாபாரம்

கருங்குழிக்கு மேற்கே இரண்டு கல் தள்ளி, ஏரித் தண்ணீரில் ஒன்றரை ஏக்கர் நெல் போடுகிற ஒரு வீட்டில், மூன்று பெண்களுக்குப் பிறகு நாலாவதாகவும் பெண்ணே பிறந்தது. இனிமேல் பெண் போதும் என்று மேலே இருப்பவனுக்குத் தெரிவிக்க அந்தப் பக்கத்தில் ஒரு வழி உண்டு. குழந்தைக்கு வேண்டா என்று பெயர் வைத்துவிடுவார்கள். வைத்தார்கள். அடுத்தது பையன் பிறந்தான். பெயர் வைத்த புண்ணியத்தை ஊரே மெச்சியது, பெயரைச் சுமந்தவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. "பேர்ல இன்னா கீது, கூப்ட்டா திரும்பிப் பாக்கணும், அவ்ளோதான்" என்பாள்.

வேண்டா கோபக்காரி. பேரம் பேசிவிட்டுப் பாதியில் நழுவுகிறவன் காதில் விழுகிற மாதிரியே, "வாங்கற மூஞ்சியைப் பாரு" என்று சொல்லக்கூடியவள். ஆனால் ஒருத்தர் தனக்குச் செய்த உதவியை எந்த வருஷம், எந்தக் கிழமை என்பது வரைக்கும் நினைவு வைத்திருப்பாள். யாராவது ஒரு புண்ணியவானை நடுவில் நிறுத்தி, அவர் நல்லா இருக்கணும் என்று சொல்லாமல் அவளால் தன் கதையைச் சொல்ல முடியாது. அப்படி நாலைந்து பேர் இதிலும் வருகிறார்கள்.

முதல் ஆள் அவள் புருஷன் காசிநாதன். தொண்ணூற்றொன்றில் கல்யாணம். மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் ஆட்டோ ஓட்டினான். குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. சவாரி இல்லாத நேரமெல்லாம் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருப்பான். ஐந்து ரதத்துக்குப் போகிற வழியில் தார்ப்பாய் விரித்துச் சிப்பி மாலையும் கண்ணாடியும் விற்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, அவனுடைய அண்ணன்மார்கள் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்கள். காசிநாதனோ மறுநாள் காலை சரக்கை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கி வைத்துவிட்டு வந்தான்.

காசு வியாபாரம் அவள் தேடிப் போனதல்ல. அவளுடைய கைக்குழந்தை பிரபா தார்ப்பாயில் தவழ்ந்துகொண்டிருந்தாள். இடுப்புக் கயிற்றில் ஓர் ஓட்டைக் காலணா கோத்திருந்தது. யுத்த காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் பெரிய ஓட்டை போட்டு அடித்த காசு அது, அந்த நாளில் எல்லாக் குழந்தை இடுப்பிலும் ஏறிவிட்டது. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி சிப்பி மாலையை விட்டுவிட்டு அந்தக் காசைக் காட்டி ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினாள். வேண்டா பல்லால் கயிற்றைக் கடித்துக் காசை எடுத்துக் கொடுத்தாள். காசிநாதனின் அம்மா ஒரு மாசம் முணுமுணுத்தாள். வேண்டாவோ மறுநாளே செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அங்கே கடைத்தெருவில் பழைய பாத்திரத்தை எடைக்கு வாங்குகிறவர்கள் இருந்தார்கள். உடைந்த அண்டா, குத்துவிளக்கு, செம்புக் குடம் இவற்றோடு கிராமத்து வீடுகளிலிருந்து பழைய காசும் வந்து விழும். அதையும் செம்பு விலைக்கே நிறுத்துக் கொடுப்பார்கள். வேண்டா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குவியலுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். வீட்டுக்கு வந்த காசைப் பளபளப்பாக்குவது காசிநாதன் வேலை. பூஜைப் பாத்திரம் துலக்குகிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ராஜா தலையின் தாடி வரைக்கும் தேய்ப்பான். வெயிலில் மின்னுகிற காசைத்தான் சுற்றுலாக்காரர்கள் எடுத்தார்கள். பத்து வருஷம் இப்படி ஓடியது.

இரண்டாயிரத்து நாலு டிசம்பரில், கடல் உள்ளே வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, தார்ப்பாயும் சரக்கும் போயின. உயிருக்கு ஒன்றும் இல்லை, அதுவே பெரிது என்று அவள் கும்பிட்டாள். ஆனால் அதற்கப்புறம் ஒரு வருஷம் ஊர்ப் பக்கம் வெளிநாட்டார் தலையே தெரியவில்லை. வீட்டில் தகர டப்பாவில் இருந்த காசுகள் மட்டும் மிச்சம், வாங்கத்தான் ஆள் இல்லை.

அப்போது கைகொடுத்தவள் சுப்ரஜா. தலசயனப் பெருமாள் கோயில் மடைப்பள்ளிக்காரர் வீட்டு மருமகள், பி.காம். படித்தவள். ஒத்தவாடைத் தெருவில் நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். அவளுக்கும் ஈ ஓட்டுகிற வேலைதான்.

"வேண்டாக்கா, இதுல ஒரு சந்தை இருக்கு. உங்க காசைப் படம் பிடிச்சுப் போட்டா ஊர் உலகத்துல எவனாவது வாங்குவான். ஒண்ணு விட்டுப் பார்ப்போமே" என்றாள்.

"முகம் தெரியாதவன் டப்பு குடுப்பானா?"

"அதுக்குத்தான் சந்தைக்காரன் நடுவுல இருக்கான். வாங்கறவர் பணத்தை அவன்கிட்டக் கட்டுவார். காசு கையில கிடைச்சுது, சரியா இருக்குன்னு அவர் சொன்னதும் உங்க பேங்க் கணக்குக்கு வந்துடும். சரியில்லேன்னா காசு உங்களுக்கு, பணம் அவருக்கு. யாரும் யாரையும் ஏமாத்த முடியாது."

நன்றாகத் தேய்த்து மின்னவைத்த காலணாவைத்தான் வேண்டா முதலில் அனுப்பினாள். பத்தே நாளில் திரும்பி வந்துவிட்டது. 'கழுவிய காசு' என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். சுப்ரஜா அங்கே இங்கே தேடிப் படித்துச் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. காசு சேர்க்கிறவர்களுக்கு அந்தப் பழுப்புதான் முக்கியம். எழுபது வருஷம் ஆயிரம் கை பட்டு ஏறிய நிறம் அது, போனால் போனதுதான், காசும் செத்த மாதிரி. பத்து வருஷமாகப் புளியைக் கொட்டி எத்தனை காசைக் கொன்றோம் என்று வேண்டா தலையில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து கழுவாத காசை மட்டுமே போட்டாள். தேய்க்கிற வேலை நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று காசிநாதனிடம் அவள் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

இரண்டு வருஷத்தில் வியாபாரம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. மாசத்துக்கு முப்பது பொட்டலம் போயிற்று. வாங்கியவர்கள் சந்தையில் அவள் பெயருக்கு நேரே நல்ல வார்த்தை எழுதினார்கள். சுப்ரஜா வாசித்துக் காட்டும்போது, "இன்னொரு வாட்டி படிம்மா" என்பாள் வேண்டா.

இரண்டாயிரத்து ஏழு ஜூலையில் ஒரு நாள் சுப்ரஜா காசிநாதனின் ஆட்டோ நிலையத்துக்கே ஆள் அனுப்பி வேண்டாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, உட்காருங்கோ. சந்தையில புது ரூல் போட்டிருக்கா. நாணயம், ரூபாய் நோட்டு இதுக்கெல்லாம் அவா வழியா இனிமே பணம் கட்ட முடியாதாம். விக்கறவாளும் வாங்கறவாளும் நேரா எப்படியாவது ஏற்பாடு பண்ணிக்கணுமாம்."

"இன்னாத்துக்கு? நம்ம இன்னா தப்பு பண்ணோம்?"

"நாம ஒண்ணும் பண்ணலை. சில பேர் கிரெடிட் கார்டைத் தேய்ச்சு நோட்டை வாங்கறாளாம். அது கடன்ல பணம் எடுக்கற மாதிரின்னு பேங்க்காரா ஒத்துக்கலையாம். காசுன்னு பேர் இருக்கற எல்லாத்தையும் சேர்த்து நிறுத்திட்டா."

"ஓட்டைக் காலணாவ வாங்கிகினு போயி எவன்மா டீ குடிப்பான்?" என்று வேண்டா கத்தினாள். பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த ஆள் திரும்பிப் பார்த்தான்.

கத்தி என்ன செய்வது? எங்கேயோ ஏசி அறையில் உட்கார்ந்து விதி எழுதியவர்களுக்கு, செத்துப்போன ராஜாவின் காலணாவுக்கும் நடப்பு ஐந்நூறு ரூபாய் நோட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பிறகு வாங்குகிறவர்கள் முதலில் பணம் அனுப்பப் பயந்தார்கள், அவள் முதலில் காசு அனுப்பப் பயந்தாள். இரண்டு பயமும் நியாயம்தான். மாசம் முப்பது பொட்டலம் போன இடத்தில் ஆகஸ்டில் இரண்டு போயிற்று.

அந்த நேரத்தில்தான் காசிநாதனின் தங்கை காசியம்மாள் வந்தாள். சிறுசேரியில் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கட்டிடத்தில் துப்புரவுக்காரர்களுக்கு மேற்பார்வை. நல்ல மனசுக்காரி, அண்ணன் வீடு கஷ்டப்படுவதைப் பார்த்துவிட்டு இடம் பேசிவிட்டே வந்திருந்தாள்.

"அண்ணி, தீபாவளி தாண்டி வர்ற திங்கக்கெழம ஆள் எடுக்கறாங்க. காலைல அஞ்சரைக்கு வேன் வூட்டாண்டயே வரும். மாசம் பொறந்தா சம்பளம். இந்தக் காச நம்பிகினு எத்தினி நாளு உக்காந்துகினு இருப்ப?"

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வேண்டாவுக்கு அந்த வேலை கேவலமாகவும் படவில்லை. ஆனால் இந்தக் காசு வியாபாரம் அவள் தன் மூளையால் கண்டுபிடித்தது, அவள் வாழ்க்கையில் யாரும் கொடுக்காமல் அவளாக எடுத்துக்கொண்ட ஒரே பொருள் அதுதான். அதை விட்டுவிட்டு வேனில் ஏற அவளுக்கு மனசு வரவில்லை. "தீபாவளி வரைக்கும் பாக்கறேன், கூடலன்னா வந்துர்றேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

வழி காட்டியவர் தபால் ஆபீஸ் போஸ்ட் மாஸ்டர் நரசிம்மன். விதி பிசகாத மனுஷன், ஒரு ஸ்டாம்பு கோணலாக ஒட்டினாலும் கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பார்.

"ஏம்மா, வி.பி.பி.ன்னு ஒண்ணு வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து இருக்கே, தெரியாதா? பொட்டலத்தைத் தபால்காரர் கொண்டுபோவார். பணத்தை வாங்கிண்டுதான் கொடுப்பார். அந்தப் பணம் மணியார்டரா உனக்கு வரும். ஆனா ஒண்ணு, நாணயம்னா இன்ஷூர் பண்ணித்தான் அனுப்பணும். துணி போட்டுத் தைச்சு, தையல் மேல அரக்கு முத்திரை வைக்கணும்."

வேண்டா தைத்தாள். அரக்கை உருக்கி ஊற்றி, கையில் இருந்த ஒரு ரூபாய்க் காசால் அழுத்தி முத்திரையும் வைத்து, பெருமையோடு நீட்டினாள். நரசிம்மன் கண்ணாடியைத் தூக்கினார்.

"காசால முத்திரை வைக்கக் கூடாது. எல்லார்கிட்டயும் காசு இருக்கு. வழியில எவனாவது பிரிச்சுட்டு அதே மாதிரி திரும்ப வெச்சுடுவான். உனக்குன்னு தனியா ஒரு முத்திரை வேணும்."

"காசு யாவாரிக்குக் காசால முத்திர வெக்கக் கூடாதா? நல்லா கீது சார் உங்க சட்டம்" என்று சொல்லிவிட்டு நேராகச் சிற்பக் கூடத்துக்குப் போனாள். அங்கே காசிநாதனின் சிநேகிதன் ஒரு காசும் வாங்காமல் மாக்கல்லில் ஒரு சின்ன நண்டு முத்திரை செதுக்கிக் கொடுத்தான். அவனும் நல்லா இருக்கணும்.

வி.பி.பி.யில் வாங்குகிறேன் என்று துணிந்து சொன்னவர் ஒரே ஒருவர், ஜாம்ஷெட்பூர் ஜானகிராமன். இரும்பு ஆலையில் வேலை பார்க்கிறவர், அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். சந்தை வழியாக முன்பு ஏழெட்டுக் காசு வாங்கியிருக்கிறார். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட காலணா, இருபத்திரண்டு வெவ்வேறு வருஷம், எல்லாம் ஒரே மாதிரி பழுப்பில் கேட்டார். மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் தருவதாகச் சொன்னார். 'சரியாக அமைந்தால் இங்கே இருக்கும் நண்பர்களுக்கும் சொல்கிறேன்' என்று கீழே ஒரு வரி. வேண்டாவுக்கு மொத்த உயிரும் அந்த ஒரு வரியில்தான் இருந்தது. இது சரியாகப் போய்ச் சேர்ந்தால் தொழில் பிழைக்கும். இல்லையென்றால் காலை அஞ்சரை வேன்.

இரண்டு மாசம் அலைந்தாள். செங்கல்பட்டில் பாதி, ஊரப்பாக்கத்தில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிற ஒருவர் கோணியில் ஆறு, மதுராந்தகத்தில் நாலு. கடைசிக் காசு அக்டோபர் நடுவில் கிடைத்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணெய்த்தாளில் மடித்து, மேலே வருஷம் எழுதி, தகர டப்பாவில் வைத்தாள். ஆயுத பூஜை முடிந்து தபால் ஆபீஸ் திறந்ததும் அனுப்பிவிடலாம் என்று இருந்தாள்.

ஆயுத பூஜைக் காலையில் பொரி, கடலை, வாழைப்பழம், பூசணிக்காய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். திரும்பி வரும்போது வாசலில் ஆட்டோ மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, புது மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது. உள்ளே சாமி படத்துக்கு முன்னால் ஒரு தாம்பாளம் இருந்தது. தாம்பாளத்தில் இருபத்திரண்டு காலணாவும் வரிசையாக, அன்றைக்கு வார்த்த பித்தளை மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஜார்ஜ் ராஜா நெற்றியிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தது.

வயிற்றில் புளியைக் கரைத்தது என்பார்கள். இங்கே கரைத்த புளி பக்கத்துக் கிண்ணத்திலேயே இருந்தது.

"எப்டி கீது?" என்றான் காசிநாதன். முகமெல்லாம் சிரிப்பு. "வருஷா வருஷம் என் வண்டிக்கு மட்டும் பூச பண்றோம். உன் தொழிலுக்கு இன்னா பண்ணோம்? அதான் அஞ்சு மணிக்கே எந்திரிச்சி, நீ பாக்காம கொல்லையில உக்காந்து தேச்சேன். அந்தத் தாளெல்லாம் பிரிச்சி ஒண்ணு விடாம தேச்சேன்மே."

வேண்டா வாயைத் திறந்தாள். ஊர் கேட்கக் கத்துவதற்கு எல்லாம் தயாராக இருந்தது. அப்போது அவன் கையைப் பார்த்தாள். வண்டி எண்ணெயில் வெடித்த விரல்களின் வெடிப்பில் புளி ஏறி, நுனியெல்லாம் சிவந்து கிடந்தது. அவன் மேல் என்ன தப்பு? பத்து வருஷம் தேய்த்தவன். தேய்க்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியவள் அவள். அன்றைக்கு வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, "நல்லா கீதுய்யா" என்று சொல்லிச் சூடம் ஏற்றினாள். சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது கண் நிறைந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தாள்.

மறுநாள் சாயந்திரம் சொன்னாள். காசிநாதன் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அந்தாளு டப்பு குடுத்துட்டுத்தான பொட்டலத்தப் பிரிப்பாரு?"

"ஆமா."

"அப்ப அனுப்பிரேன். முன்ன மாதிரி நடுவுல சந்தக்காரன் இல்ல. திருப்பிக் கேக்க யாரு கீறா?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தான் கெடுத்ததை எப்படியாவது சரிக்கட்டவேண்டும் என்கிற பதைப்பு அது. வேண்டாவும் அதை நினைக்காமல் இல்லை, முந்தின நாள் முழுக்க அதைத்தான் நினைத்திருந்தாள். மூவாயிரத்து எண்ணூறு ரூபாய், கேட்பாரில்லாத பணம். ஜானகிராமன் கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டி, அரக்கை உடைத்து, துணியைப் பிரித்து, காசைப் பார்க்கிற அந்த நிமிஷம்தான் அவளால் தாண்ட முடியாததாக இருந்தது. தன்னைப் பார்த்தே இராத மனுஷன். நடுவில் ஆள் இல்லாத நாளிலும் அவளை நம்பிய ஒரே மனுஷன்.

"நடுவுல யாரும் இல்லன்னா, நான் கீறேன் இல்ல?" என்றாள்.

எட்டாம் வகுப்புப் படித்த கை. இன்லண்ட் லெட்டர் வாங்கி, இரண்டைக் கெடுத்து, மூன்றாவதில் எழுதினாள்.

'ஐயா அவர்களுக்கு மாமல்லபுரம் வேண்டா எழுதிக்கொள்வது. நீங்கள் கேட்ட காலணா இருபத்திரண்டும் சேர்ந்துவிட்டது. ஆனால் ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். ஆசையில் செய்தது. சொல்லி வைக்காதது என் தப்பு. இப்போது அது உங்கள் விலைக்குப் பெறாது. வி.பி.பி.யில் அனுப்பினால் நீங்கள் பார்ப்பதற்கு முன்பே பணம் கட்டிவிடுவீர்கள். அதனால் அனுப்பவில்லை. வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளவும். இரண்டு மாதம் காக்க வைத்ததற்கு மன்னிக்கவும்.'

பெட்டியில் போட்டுவிட்டு வந்து, தீபாவளி தாண்டிய திங்கட்கிழமை வேனுக்கு வருகிறேன் என்று காசியம்மாளுக்கு போன் செய்துவிட்டாள். நீல நிறச் சீருடைச் சேலையும் ரவிக்கையும் வந்து சேர்ந்தன. ரவிக்கை அளவு சரியாகத்தான் இருந்தது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் தபால்காரர் கேசவன் ஒரு தடித்த உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜானகிராமன் கையெழுத்து சீராக, பள்ளிக்கூடத்துக் கையெழுத்து போல இருந்தது.

'அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. கழுவிய காசை என் ஆல்பத்தில் வைப்பதில்லை. ஆகவே அந்த இருபத்திரண்டையும் நான் வாங்கிக்கொள்ள முடியாது. நீங்கள் ஒளிக்காமல் எழுதியதால் நானும் ஒளிக்காமல் எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷமாகக் காசு சேர்க்கிறேன். கழுவியதைக் கழுவாதது என்று என் தலையில் கட்டியவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அந்த நோட்டு நிறைந்துவிட்டது. சொல்லாமல் இருந்திருக்கலாம் என்கிற இடத்தில் சொன்னவர்களை எழுத எனக்கு இதுவரை ஒரு பக்கம்கூடத் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாணயச் சங்கக் கூட்டத்தில் உங்கள் கடிதத்தை இந்தியில் சொல்லி வாசித்தேன். உங்கள் வீட்டுக்காரர் குங்குமம் வைத்தாரா என்று ஒருவர் கேட்டார். வைக்காமல் இருந்திருக்க மாட்டார் என்று சொன்னேன். சந்தையில் பணவழியை அடைத்ததிலிருந்து யாரை நம்பி வாங்குவது என்று தெரியாமல் நாங்களும் கை கட்டி உட்கார்ந்திருக்கிறோம். பதினொரு பேருடைய முகவரியும் அவரவர் தேடும் காசும் பின்னால் எழுதியிருக்கிறேன். எல்லோரும் முன்பணமாகவே அனுப்புவார்கள். வி.பி.பி. வேண்டாம். என் இருபத்திரண்டை மறுபடியும் தேடுங்கள். எத்தனை மாதம் ஆனாலும் சரி, உங்களிடமிருந்துதான் வாங்குவேன்.'

வேண்டா அதை மூன்று தடவை படித்தாள். காசிநாதன் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டான். குங்குமம் வரும் இடத்தில் அவன் தலையைக் குனிந்துகொண்டான், தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை, இரண்டும் இருந்திருக்கலாம். ஆனாலும் கடிதம் கடிதம்தானே. பார்க்காத பொருளுக்கு முன்கூட்டிப் பணம் அனுப்புகிற ஆள் எங்கேயாவது உண்டா? சீருடைச் சேலையை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.

தீபாவளி தாண்டிய சனிக்கிழமை கேசவன் சைக்கிளை நிறுத்தாமலே கத்திக்கொண்டு போனார். "வேண்டாக்கா, ஆபீசுக்கு வா. ஆறு மணியார்டர் வந்துகீது, உன் பேருக்கு. என்னால தூக்கிகினு வர முடியாது."

தபால் ஆபீஸில் நரசிம்மன் ஆறு படிவத்தையும் வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு வரி எழுத இடம் உண்டு. ஜானகிராமன் சொல்லிக்கொடுத்தாரோ என்னவோ, ஒருவர் மட்டும் கோணல் மாணலான தமிழில், படம் வரைந்த மாதிரி எழுதியிருந்தார். 'எந்த வருஷம் கிடைக்குதோ அது. அவசரம் இல்லை.' வேண்டா கையெழுத்துப் போட்டாள். மூன்றாவது கையெழுத்தில் எழுத்து நனைந்துவிட்டது. பெற்றவர்கள் போதும் என்று பெயர் வைத்த பெண்ணுக்கு, கண்ணால் பார்க்காத ஆறு பேர் பணம் அனுப்பியிருந்தார்கள். அந்த இடத்தில் நின்றுகொண்டு, ஜாம்ஷெட்பூர் எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு காசியம்மாளுக்கு போன் போட்டாள். "கோச்சுக்காத. நீ பண்ணத நான் மறக்க மாட்டேன். வேன்ல வேற யாரையாவது ஏத்திக்கோ" என்றாள். பிறகு நரசிம்மனிடம் பதினொரு போஸ்ட் கார்டு வாங்கி, அங்கேயே பசை வைத்திருந்த மேஜை முன்னால் உட்கார்ந்தாள். பதினொன்றிலும் ஒரே சேதிதான். பணம் அனுப்பியவர், இன்னும் அனுப்பாதவர் என்று பார்க்கவில்லை. தமிழிலேயே எழுதினாள், ஜானகிராமன் படித்துச் சொல்லட்டும். எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

கார்டுகளை வாங்கிய நரசிம்மன் மேலே இருந்ததைப் படித்தார். படிக்கக் கூடாது என்று விதி இருந்தாலும் இருக்கும், அன்றைக்குப் படித்தார்.

'நீங்கள் அனுப்பும் பணம் வந்தாலும், உங்கள் காசு உங்கள் கைக்கு வந்து சேரும் வரை அது உங்களுடையது, நான் தொட மாட்டேன். காசைப் பார்த்து மனசுக்குப் பிடிக்காவிட்டால் பத்து நாளைக்குள் திருப்பி அனுப்பவும். முழுப் பணமும் என் செலவில் மணியார்டராக வரும்.'

"ஏம்மா" என்றார் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, "இந்த ரூல் யார் போட்டது? அந்தச் சந்தைக்காரனா?"

"இல்ல சார்" என்றாள் வேண்டா. "நாந்தான் போட்டேன்."